பழைய பட அஞ்சல் அட்டைகளிலிருந்து ஊர் வரலாறு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு பட அஞ்சல் அட்டை கைக்குக் கிடைத்தால், பெரும்பாலோர் படத்தைக் கைப்பேசியில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, அட்டையை எங்கோ ஒரு புத்தகத்துக்குள் செருகிவிடுகிறார்கள். படம் பல பேரிடம் போய்ச் சேர்கிறது. ஆனால் யார் அச்சிட்டார், எப்போது அனுப்பப்பட்டது, அனுப்பியவர் என்ன எழுதினார் என்ற விவரமெல்லாம் அட்டையோடு மறைந்துபோகிறது. படத்தை வரலாற்றுச் சான்றாக மாற்றுவது அந்த விவரங்கள்தான். இந்த வேலையைத் தமிழில் சொல்லித்தர ஆளில்லாமல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில், நீங்கள் அதே அலைச்சலுக்கு ஆளாகாமல் இருக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையையும் தமிழகக் கடலோர ஊர்களையும் சேர்ந்தவை.

1. முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

"பழைய மெட்ராஸ்" என்று பொதுவாகத் தேடத் தொடங்கினால் பணமும் நேரமும் கரையும். வரலாறு ஒன்றும் சேராது. ஓர் ஊர், அதிலும் ஒரு தெரு, ஒரு துறைமுகம் அல்லது ஒரு ரயில் நிலையம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். சென்னையைப் பொறுத்தவரை ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் போன்ற நிறுவனங்களும் வீலே அண்ட் கிளைன் போன்ற புகைப்பட நிலையங்களும் ஏராளமாக வெளியிட்டிருப்பதால் மவுண்ட் ரோடு, கடற்கரை, உயர்நீதிமன்றம், சென்ட்ரல் நிலையம் ஆகியவற்றின் அட்டைகள் எளிதில் கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல், திருச்சி மலைக்கோட்டை, மதுரைக் கோயில், மாமல்லபுரம் ஆகியவற்றுக்கும் அட்டைகள் உண்டு.

என் கருத்தில், உண்மையான பயன் சிறிய ஊர்களின் அட்டைகளில்தான் இருக்கிறது. உயர்நீதிமன்றத்துக்கு வரைபடமும் அரசு ஆவணமும் வேறு பல படங்களும் இருக்கின்றன. ஒரு தாலுகா ஊரின் கடைத்தெருவுக்கு அந்த ஒற்றை அட்டையைத் தவிர வேறு படமே இல்லாமல் போகலாம். தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின் இலங்கைக்குப் போவோர் வருவோர் அந்த வழியே சென்றார்கள். அதற்கு முன் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறினார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்துவிட்டதால், தனுஷ்கோடித் துறையையோ நிலையத்தையோ காட்டும் அட்டை ஒன்று கிடைத்தால் அதற்கு இணையான சான்றை நேரில் போய்த் தேடி எடுக்க முடியாது.

2. பணம் செலவழிக்கும் முன் இலவசமாகத் தேடுங்கள்

இணையத்தில் தேடும்போது இன்றைய பெயரை மட்டும் கொடுத்தால் பாதிகூட அகப்படாது. ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டலை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேட வேண்டும்: டிரிச்சினோபொலி, டான்ஜோர், டின்னவேலி, டூட்டிகோரின், நெகபட்டம், கஞ்சீவரம், சிங்கில்பட், கும்பகோணத்துக்குக் கோம்பகோனம், மாமல்லபுரத்துக்குச் செவன் பகோடாஸ், தரங்கம்பாடிக்குத் டிராங்கிபார். ஒவ்வொன்றிலும் ஓரிரு எழுத்து மாறிய வடிவங்களும் உண்டு. உங்கள் ஊருக்குரிய எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் தேடுங்கள். புதுச்சேரி, காரைக்கால் என்றால் பிரெஞ்சுச் சொற்களிலும் தேடுவது அவசியம்; அந்த அட்டைகளின் விற்பனையாளர் பெரும்பாலும் பிரான்சில் இருக்கிறார்.

கிறித்தவ மிஷன்களின் படங்களை மறந்துவிடாதீர்கள். லைப்சிக் மிஷன் உள்ளிட்ட பல மிஷன்களின் பழைய புகைப்படங்கள் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மிஷன் புகைப்படத் தொகுப்பில் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. பெரிய பதிப்பாளர் எட்டிப்பார்க்காத சிற்றூர்களுக்கு மிஷனரிகள் போயிருக்கிறார்கள். பள்ளி, மருத்துவமனை, சந்தை, குளக்கரை என்று அவர்கள் படமெடுத்தவை பிறகு அட்டைகளாகவும் வந்தன.

நேரில் பார்ப்பதற்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை: புகைப்படம் உள்ள அடையாள அட்டையும் அதன் நகலும், கல்லூரியிலிருந்தோ வேறு அமைப்பிலிருந்தோ பெற்ற அறிமுகக் கடிதம், எந்த ஊர், எந்த ஆண்டுகள், எந்த வகை ஆவணம் என்று அரைப் பக்கத்தில் எழுதிய குறிப்பு. கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். படியெடுக்கும் அனுமதி தனி. உள்ளே போக அனுமதி கிடைத்துவிட்டதால் படமெடுக்கவும் கிடைத்துவிடும் என்று கருதி, வெளியூரிலிருந்து ஒரே நாள் பயணமாகத் திட்டமிடாதீர்கள்.

3. வாங்கும் இடமும் விலையும்

சென்னையில் அல்லிக்குளம் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், தபால்தலை சேகரிப்போர் கூடும் கண்காட்சிகள் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கம் சென்னையில் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. அங்கே வருகிற மூத்த உறுப்பினர்களோடு ஒரு மணி நேரம் பேசினால், விலை பற்றி இணையத்தில் ஒரு மாதம் தேடித் தெரிந்துகொள்வதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

சென்னையின் வழக்கமான காட்சிகள் கொண்ட அச்சு அட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சிற்றூர்க் காட்சிக்கும், அச்சாக இல்லாமல் புகைப்படத் தாளிலேயே எடுக்கப்பட்ட அட்டைக்கும் விலை ஆயிரங்களுக்குப் போகும். மூலை மடிந்தது, மேலே எழுதப்பட்டது, தபால்தலை கிழிக்கப்பட்டது என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்குகிற அட்டைகளைத் தயங்காமல் வாங்குங்கள். அவை விலை குறைவு. வரலாறு எழுதுபவருக்கு மூலை மடிந்திருப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் இபே, டெல்காம்ப் போன்ற தளங்களில் வாங்கும்போது அட்டையின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அஞ்சல் செலவு சில சமயம் அட்டையின் விலையையே தாண்டும். வங்கி நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கும். சுங்க வரி விதிக்கப்பட்டால் தபால்காரர் உறையை ஒப்படைக்கும்போது அதையும் செலுத்த வேண்டியிருக்கும். ஒரே விற்பனையாளரிடம் பல அட்டைகளைச் சேர்த்து ஒரே உறையில், பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்வது நல்லது. வந்துசேர இரண்டு வாரம் முதல் ஒன்றரை மாதம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கப் படத்தைக் காட்டாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தபின்பே பணம் செலுத்துங்கள். ரசீதையும் விற்பனைப் பக்கத்தின் படத்தையும் சேமித்து வையுங்கள். அட்டை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவைதான் ஆவணம்.

4. மறு அச்சு அட்டைகளை அடையாளம் காணுங்கள்

பழைய அட்டையை ஸ்கேன் செய்து புதிதாக அச்சிட்டு, பழையது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியும் புற ஊதா டார்ச்சும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும். இருட்டில் புற ஊதா ஒளி பட்டதும் அட்டை நீலங்கலந்த வெண்மையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலோ அதற்குப் பிறகோ வந்த தாள். பூதக்கண்ணாடியில் பல நிறப் புள்ளிகள் சிறு பூக்களைப் போல வட்டமாக அடுக்கப்பட்டிருந்தாலும் புதிய அச்சு என்றே சந்தேகப்படுங்கள். புள்ளியே தெரியாமல் நிழலும் ஒளியும் இழைந்து சென்றால் அது அசல் புகைப்பட அட்டை. ஒழுங்கற்ற நுண்ணிய நெளிவுகள் தெரிந்தால், அக்காலத்தில் ஜெர்மனியில் பெரிதும் பயன்பட்ட கொலோடைப் அச்சாக இருக்கலாம். அளவையும் பாருங்கள்: பழைய அட்டை ஏறத்தாழ 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் இருக்கும், 15க்கு 10 இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்தது.

5. பின்பக்கத்தைப் படியுங்கள்

தொடக்க கால அட்டைகளில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே உரியது; செய்தியைப் படத்தின் ஓரத்தில் எழுத வேண்டும். நடுவே கோடிட்டு, ஒரு பாதி செய்திக்கும் மறு பாதி முகவரிக்கும் என்று பிரிப்பதை 1902இல் பிரிட்டன் அனுமதித்தது. 1906இல் ரோமில் கூடிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் மாநாடு இதை ஏற்று, 1907 அக்டோபர் முதல் நாடுகளுக்கிடையிலான அஞ்சலிலும் அது பொதுவானது. ஆகவே நடுக்கோடு இல்லாத அட்டை பெரும்பாலும் அதற்கு முன் அச்சானது. விற்காமல் தங்கிய பழைய அட்டைகளைக் கடைக்காரர்கள் பல ஆண்டுகள் கழித்தும் விற்றார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தபால்தலையில் ஏழாம் எட்வர்டு இருந்தால் 1902க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் 1911 டிசம்பருக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆறாம் ஜார்ஜ் என்றால் 1937க்குப் பிறகு. எட்வர்டின் அரையணா, ஓரணாத் தலைகளில் அஞ்சலுக்கும் வருவாய்க்கும் உரியது என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் அது 1906க்குப் பிந்திய வெளியீடு. உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணம் 1922 வரை காலணா. அந்த ஆண்டில் அரையணா ஆனது. எந்தத் தலையும் "இதற்கு முன் இல்லை" என்று மட்டுமே சொல்லும். "இதற்குப் பின் இல்லை" என்று சொல்லாது. பழைய தலையைப் பல ஆண்டு கழித்து ஒட்டத் தடை எதுவும் இல்லை. முடிவான ஆண்டைச் சொல்வது முத்திரைதான். அதிலும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களே இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் மங்கிய இலக்கமும் தெரியும்.

"சாக்சனியில் அச்சிடப்பட்டது", "ஜெர்மனியில் அச்சிடப்பட்டது" என்ற வரிகள் மிக முக்கியமானவை. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மனியில் அச்சடித்து வரவழைக்கும் வழி அடைபட்டது. ஆகவே இந்த வரி உள்ள அட்டை பெரும்பாலும் அதற்கு முன் அச்சானது.

6. மூன்று தேதிகளைத் தனித்தனியே பிரியுங்கள்

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஓர் அட்டைக்குப் படமெடுத்த தேதி, அச்சிட்ட தேதி, அனுப்பிய தேதி என்று மூன்று தேதிகள் உண்டு. முத்திரையில் 1912 என்று இருந்தால் "1912இல் எங்கள் ஊர்" என்று எழுதிவிடுகிறார்கள். படம் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டதாக இருக்கலாம்.

என்னிடம் உள்ள ஓர் அட்டையை வைத்து விளக்குகிறேன். படத்தில் எஸ்பிளனேடு சாலை. வலப்பக்கம் உயர்நீதிமன்றத்தின் கோபுரங்கள். நடுவே ஒரு டிராம், அதையொட்டி இரண்டு ஜட்கா வண்டிகள், குடை பிடித்து நடந்துபோகும் ஒருவர். இடப்பக்க ஓரத்தில் ஒரு மாடிக் கட்டடம். அதன் தாழ்வாரத்துக்கு மேலே மையால் ஒரு பெருக்கல் குறி. பின்பக்கம் நடுக்கோடு உள்ளது, எட்வர்டின் ஓரணாத் தலை, லண்டன் முகவரி, 1909 டிசம்பர் முத்திரை. செய்தி மூன்றே வரி: குறி போட்ட இடத்தில்தான் தங்கியிருக்கிறேன், விடியற்காலையிலேயே டிராம் சத்தம் எழுப்பிவிடுகிறது, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உயர்நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. மின்சார டிராம் சென்னையில் 1895 மே மாதம் ஓடத் தொடங்கியது. ஆகவே படம் 1895க்கும் 1909க்கும் இடையில் எடுக்கப்பட்டது. நடுக்கோடு இருப்பதால் அச்சானது 1902க்குப் பிறகு. பெரும்பாலும் 1907ஐ ஒட்டி. அனுப்பியது 1909. இதற்குமேல் குறுக்க வேண்டுமானால், இடப்பக்கக் கட்டடத்தின் பெயர்ப்பலகையை ஸ்கேனில் பெரிதாக்கிப் படித்து, லாரன்ஸ் அசைலம் அச்சகம் ஆண்டுதோறும் வெளியிட்ட மெட்ராஸ் கையேட்டில் அந்தக் கடை எந்த ஆண்டுகளில் அந்த முகவரியில் இருந்தது என்று பார்க்க வேண்டும். அந்த மாடியில் ஆட்கள் குடியிருந்தார்கள் என்பது படத்திலிருந்தோ தலைப்பிலிருந்தோ தெரியாது. மூன்று வரிச் செய்தியும் ஒரு பெருக்கல் குறியும்தான் சொல்கின்றன. பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சென்னைக்கு இப்படிக் காலத்தைக் காட்டும் அடையாளங்கள் பல உண்டு. மூர் மார்க்கெட் 1900இல் திறக்கப்பட்டு 1985இல் எரிந்தது. எழும்பூர் நிலையம் 1908. விக்டோரியா நினைவு மண்டபம் 1909. ரிப்பன் மாளிகை 1913. மவுண்ட் ரோட்டில் நின்ற, பிரிட்டிஷ் தளபதி நீலின் சிலை 1937இல் அகற்றப்பட்டது. டிராம் 1953இல் நின்றுபோனது. எண்ணெய்க் கிடங்கு எரிகிற படம் என்றால், 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் குண்டு வீசியதன் விளைவு. உங்கள் ஊருக்கும் இப்படியொரு பட்டியலை நீங்களே தயாரிக்க வேண்டும்: பாலம், மணிக்கூண்டு, நிலையம், தேவாலயக் கோபுரம், மின்கம்பம் வந்த ஆண்டு, பள்ளிக் கட்டடத்தின் அடிக்கல். அடிக்கல் கல்வெட்டுகளை நேரில் போய்ப் படமெடுங்கள். ஒரு வார இறுதியில் முடிகிற இந்தச் சிறு வேலை, பிறகு வரும் ஒவ்வோர் அட்டைக்கும் பயன்படும்.

7. அச்சிட்ட தலைப்பை அப்படியே நம்பாதீர்கள்

ஒரே படத்தைப் பல பதிப்பாளர்கள் வெவ்வேறு தலைப்போடு வெளியிட்டிருக்கிறார்கள். ஓர் ஊர்க் கோயில் வேறோர் ஊரின் பெயரில் வந்திருக்கிறது. சில படங்கள் இடம் வலமாக மாறி அச்சாகியிருக்கின்றன. பெயர்ப்பலகை எழுத்துகளையும் கோபுரம் நிற்கும் பக்கத்தையும் சரிபாருங்கள். நிறம் தீட்டிய அட்டைகளில் நிறத்தைச் சான்றாகக் கொள்ளவே கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஐரோப்பிய அச்சகத்தில் இருந்தவர்கள், இந்த ஊரைக் கண்ணால் காணாமலே, சேலைக்கும் மண்ணுக்கும் வானத்துக்கும் தங்கள் விருப்பப்படி நிறம் கொடுத்தார்கள்.

மனிதர்களைக் காட்டும் அட்டைகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்டூடியோவில் திரைக்கு முன் நிற்கவைத்து எடுத்த படத்தின் கீழே ஒரு சாதிப் பெயரையோ தொழில் பெயரையோ அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். படத்தில் இருப்பவர் உண்மையில் அந்தத் தொழிலைச் செய்தாரா என்பதற்கு அந்தத் தலைப்பு சான்றாகாது. இழிவான சொற்களும் அதில் உண்டு. தலைப்பை மேற்கோள் குறிக்குள் அப்படியே பதிவுசெய்து, "பதிப்பாளர் இட்ட தலைப்பு" என்று குறிப்பிடுங்கள். உங்கள் விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு எழுத வேண்டிய பகுதி இது.

8. ஸ்கேன், பதிவு, பாதுகாப்பு

கைப்பேசிப் படம் போதாது. தட்டை ஸ்கேனரில், குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில், இரு பக்கமும், படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். அப்படி எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 20 எம்.பி. வரும்; நூறு அட்டைகளின் இரு பக்கமும் நான்கு ஜி.பி.யைச் சற்றே தாண்டும். பெயர்ப்பலகை போன்ற சிறு விவரம் தேவைப்பட்டால் மட்டும் 1200க்குப் போங்கள். கோப்புப் பெயரில் அட்டை எண்ணும் முன், பின் என்ற குறிப்பும் இருக்கட்டும். பதிவேட்டில் தலைப்பு, பதிப்பாளர், அச்சிட்ட நாடு, மூன்று தேதிகள், செய்தியின் முழு வாசகம், வாங்கிய இடம், விலை ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அட்டைகளைப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையில் வையுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி ஆல்பம் நாளடைவில் ஒட்டிக்கொண்டு படத்தையே உரித்துவிடும். செல்லோடேப், பசை, லேமினேஷன் மூன்றும் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். இராமபாணப் பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டையை அட்டைகளோடு போடாதீர்கள். வசம்பைத் துணியில் கட்டி, அட்டையைத் தொடாதபடி பெட்டியின் மூலையில் வைக்கலாம்.

9. ஊரில் காட்டிக் கேளுங்கள்

அட்டையை எடுத்துப் போகாதீர்கள். ஏ4 அளவில் அச்செடுத்து எடுத்துப் போங்கள். காலை நேரம் நல்லது. டீக்கடை, கோயில் வாசல், ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு ஆகிய மூன்றிலும் தனித்தனியே கேளுங்கள். "இது இன்ன இடமா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்றுவிடுவார்கள், "இது எந்த இடம் ஐயா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். குடும்பத்தினரிடம் இருக்கும் அட்டையை ஸ்கேன் செய்ய வாங்கினால், எந்த நாளில் வாங்கி எந்த நாளில் திருப்பித் தந்தீர்கள், வெளியிட அனுமதி உண்டா, பெயர் குறிப்பிடலாமா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முகவரியில் உள்ள வீட்டில் இன்றும் அதே குடும்பம் இருந்தால், அவர்களைக் கேட்காமல் செய்தியை வெளியிடாதீர்கள்.

10. சட்டத்தில் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை புகைப்படத்துக்கு உரிமை உண்டு. 1910இல் வெளியான அட்டையில் சிக்கல் இல்லை. 1970களின் சுற்றுலா அட்டையை அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. நூலகம் தந்த ஸ்கேன் என்றால் அந்த நூலகத்தின் நிபந்தனைகள் தனியே பொருந்தும். அனுமதிக் கடிதத்தைப் பதிவேட்டோடு வையுங்கள்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டுகளுக்குக் குறையாத ஆவணத்தையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது தடைசெய்யப்பட்டுள்ளது. வெளிநாட்டிலிருந்து வாங்குவது வேறு, இங்கிருப்பதை வெளிநாட்டுக்கு விற்பதோ அனுப்புவதோ வேறு. வெளிநாட்டு ஆய்வாளர் கேட்டால் ஸ்கேனை அனுப்புங்கள். அட்டையையே அனுப்ப வேண்டிய நிலை வந்தால், உறையில் இடும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்தபின் அனுப்புங்கள்.